வீட்டில் 4×5 கறுப்பு வெள்ளை பிலிம் கழுவுதல்: வானத்தில் சீரின்மை, 30 டிகிரி குழாய் நீர், தொட்டியா ட்ரேயா?

முகில்வழி (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். நீலகிரியின் சோலைகளையும் புல்வெளிகளையும் 4×5 அங்குல ஷீட் பிலிமில் (சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வருவது) எடுத்து வீட்டிலேயே கழுவி வருகிறேன். பிலிம் இல்ஃபோர்டு எஃப்பி4 ப்ளஸ். டெவலப்பர் (பதிந்த படத்தை வெளிக்கொணரும் திரவம்) டி-76, ஒரு பங்குக்கு ஒரு பங்கு நீர், 20 டிகிரியில் 11 நிமிடம். ஆறு ஷீட்டுகளைச் செருகும் சட்டம் கொண்ட ஒரு லிட்டர் தொட்டியைப் பயன்படுத்துகிறேன்.

மரமும் பாறையும் நிறைந்த படங்களில் குறை எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வானமோ மூடுபனியோ படத்தின் பாதியை நிரப்பிவிட்டால், ஸ்கேன் செய்த பாசிட்டிவில் நீளவாட்டு ஓரங்கள் இரண்டும் நடுப்பகுதியைவிட வெளுத்து நிற்கின்றன. லென்ஸின் குறையாக இருக்குமோ என்று வேறொரு லென்ஸிலும் எடுத்துப் பார்த்தேன். அதே வெளுப்பு அங்கும் இருக்கிறது.

வெப்பம் இரண்டாவது சிக்கல். மாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் மாலையிலும் 30 டிகிரிக்குக் குறைவதில்லை. ஐஸ் கட்டிகள் இட்ட வாளியில் டெவலப்பரை வைத்து 20 டிகிரிக்கு இறக்கி ஊற்றினாலும், வடிக்கும்போது அளந்தால் 23ஐத் தாண்டியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா? மூடிய தொட்டியை விட்டுத் திறந்த தட்டான ட்ரேக்கு மாறுவது பயன் தருமா?

பழைய இருட்டறை (மதுரை)

நண்பர் முகில்வழிக்கு, இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள். முதலில் ஓரங்களைப் பார்ப்போம்.

பாசிட்டிவில் வெளுப்பு என்றால், கழுவிய பிலிமான நெகட்டிவில் அந்த இடம் கூடுதலாகக் கறுத்திருக்கிறது என்று பொருள். நடுப்பகுதியைவிட ஓரங்களுக்குப் புதிய டெவலப்பர் அதிகமாகக் கிடைத்திருக்கிறது. தொட்டியைக் கவிழ்த்து நிமிர்த்தும்போது, ஷீட்டின் ஓரத்தைப் பிடித்திருக்கும் காடிகளின் வழியாகத் திரவம் வேகமாகப் பாய்ந்து அங்கே சுழல் உண்டாகிறது. இரண்டு ஷீட்டுகளுக்கு நடுவிலுள்ள குறுகிய இடைவெளியிலோ ஓட்டம் மந்தமாகவே இருக்கிறது. வேகமாகக் குலுக்குபவர்களுக்கு இது கட்டாயம் வரும். இதற்கு நேர்மாறான குறையும் ஒன்று உண்டு. குலுக்கலே போதாமல் போனால், நன்றாகக் கறுக்கும் பகுதியிலிருந்து வெளிப்படும் புரோமைடு கீழே வழிந்து, வழிந்த பாதையில் டெவலப்பரின் வேலையைத் தடுத்துக் கோடுகளாகப் பதியும். தங்களுடையது முதல் வகை.

ஆறு இடங்களில் நான்கை மட்டும் நிரப்பி, நெருக்கமாக இருக்கும் இடங்களைக் காலியாக விடுங்கள். முதல் பத்து விநாடியில் நான்கு கவிழ்ப்பு, பிறகு ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் பத்து விநாடிக்குள் நான்கு கவிழ்ப்பு என்பது இல்ஃபோர்டு சொல்லும் முறை. அந்த எண்ணிக்கை போதும், வேகம் வேண்டாம். கவிழ்த்து, திரவம் முழுவதும் இறங்கும் ஓசை அடங்கிய பிறகு நிமிர்த்தி, ஒவ்வொரு முறையும் தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள். ஒரே திசையில் ஓடும் திரவம் ஒரே இடத்தில்தான் தடம் பதிக்கும்.

இனி வெப்பம். 20 டிகிரி என்பது டப்பாவில் அச்சிட்டிருப்பதாலேயே புனிதமாகிவிடாது. குளிர்ந்த நாட்டின் அறை வெப்பத்தை ஒட்டி வசதிக்காக வைத்துக்கொண்ட எண் அது. அறை 31 டிகிரியில் இருக்கும்போது டெவலப்பரை மட்டும் 20க்கு இறக்கினால், ஊற்றிய நொடியிலிருந்தே அது ஏறத் தொடங்கிவிடும். எவ்வளவு ஏறும் என்பது மார்கழியில் ஒன்றாகவும் சித்திரையில் வேறாகவும் இருக்கும். பிறகு எந்த நேரத்தைக் குறித்து வைத்தாலும் அடுத்த முறை அதற்குப் பொருள் இல்லை. நீர் எளிதில் நிலைத்து நிற்கும் ஒரு வெப்பத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய நேரத்தைத் தாமே கண்டுபிடித்துக்கொள்வதே நம் ஊருக்குப் பொருந்தும். நான் 26 டிகிரியில் வேலை செய்கிறேன். குடிநீர்க் கேனை இரவு முழுவதும் தரையில் வைத்திருந்து, விடியற்காலையில் அதில் சிறிது குளிர்நீர் கலந்தால் ஆண்டின் பெரும்பகுதியில் இந்த அளவு கிடைத்துவிடுகிறது.

வெப்பம் ஏறினால் நேரம் சுருங்கும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றவும் வடிக்கவும் ஆகும் நேரமே பெரும் பங்காகி, சீரின்மை மீண்டும் வந்துவிடும். எனவே டெவலப்பரை இன்னும் நீர்க்க வையுங்கள். இல்ஃபோர்டின் டெவலப்பரான ஐடி-11ஐ ஒன்றுக்கு மூன்றாகக் கலந்தால் எஃப்பி4க்கு இல்ஃபோர்டு தரும் நேரம் 20 டிகிரியில் 20 நிமிடம். டி-76 நடைமுறையில் அதே கலவைதான். 26 டிகிரியில் அது பதினொன்றிலிருந்து பன்னிரண்டு நிமிடமாகும். இதைத் தொடக்கமாக மட்டும் கொள்ளுங்கள். ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்துவது), ஃபிக்ஸர் (படத்தை நிலைப்படுத்துவது), கடைசியில் அலசும் நீர் ஆகிய மூன்றும் டெவலப்பரின் வெப்பத்திலிருந்து இரண்டு டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே கேன் நீரில் கலந்தால் இந்தக் கவலையும் தீர்ந்துவிடும்.

அகலக்கோணம் (பெங்களூரு)

வெப்பத்தைப் பற்றி இருட்டறை ஐயா எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தொட்டியைப் பற்றி உண்டு. வானத்துக்காகவே பெரிய பிலிமில் எடுப்பவர், ஷீட்டின் ஓரங்களைக் காடிக்குள் செருகும் எந்தச் சட்டத்தையும் நம்பக் கூடாது என்பது என் முடிவு. ட்ரேயில் பிலிமைத் தடுக்கும் பொருள் எதுவும் இல்லை; திரவம் எல்லாத் திசையிலும் தடையின்றிப் போகிறது.

4×5 ஷீட்டுகளுக்கு 8×10 அங்குல ட்ரே எடுத்துக்கொள்ளுங்கள். முழு இருட்டில், நெடுக்கில் பிடித்த ஷீட்டின் ஓரத்திலுள்ள வெட்டுக்குறி வலது மேல் மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால் எமல்ஷன் (ஒளியை உணரும் பூச்சு) உங்களை நோக்கியிருக்கிறது. முதலில் வெறும் நீரில் ஒவ்வொன்றாக இறக்கி நனைக்க வேண்டும். முன்நனைப்பைத் தொட்டி வேலையில் இல்ஃபோர்டு வலியுறுத்துவதில்லை. ட்ரேயில் அதைத் தவிர்க்க முடியாது. உலர்ந்த இரண்டு ஷீட்டுகள் டெவலப்பரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது எமல்ஷன் உரிந்துவிடும். நனைந்த பிறகு டெவலப்பருக்கு மாற்றி, அடுக்கின் அடியிலுள்ள ஷீட்டை உருவி மேலே வைத்து விரல் நுனியின் சதைப்பகுதியால் மெல்ல அழுத்த வேண்டும். பிறகு அடுத்தது. நான்கு ஷீட் என்றால் ஐந்து விநாடிக்கு ஒன்று வீதம் உருவினால் ஒரு சுற்று இருபது விநாடி. ஒவ்வொரு சுற்றுக்கும் அடுக்கைக் கால்வட்டம் திருப்பி வைக்கிறேன். குலுக்கல் இடைவிடாது நடப்பதால் தொட்டிக்குரிய நேரத்தில் 15 விழுக்காடு வரை குறைத்துக்கொள்ள வேண்டும்.

கீறல் விழுவது உண்மைதான். பெரும்பாலான கீறல்களுக்குக் காரணம் மேல் ஷீட்டின் மூலை கீழ் ஷீட்டின் எமல்ஷனைக் குத்துவதே. உருவிய ஷீட்டைச் சாய்வாக நுழைக்காமல் நீரின் பரப்பில் படுக்கையாக விட்டுவிட்டால் அது தானே இறங்கும்.

முகில்வழி (கோயம்புத்தூர்)

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். 26 டிகிரியில் ஜெலட்டின் ஊறி மென்மையாகிவிடாதா? ட்ரேயில் விரல் பட்டால் அடையாளம் விழுமே.

சல்பைட் (திருச்சிராப்பள்ளி)

இக்கால பிலிம்களின் எமல்ஷன் தயாரிப்பிலேயே நன்றாகக் கடினப்படுத்தப்படுகிறது. 26 டிகிரி அதற்கு ஒரு பொருட்டல்ல. பழைய நூல்களில் வெப்ப நாடுகளுக்கென்று தனிக் கலவைகள் இருக்கும். டெவலப்பரில் சோடியம் சல்பேட் சேர்த்து ஊறலைக் குறைப்பார்கள், குரோம் ஆலம் கொண்டு கடினப்படுத்துவார்கள். 30ஐத் தாண்டி வேலை செய்ய வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும் அவற்றை நினைத்தால் போதும். அப்படிச் செய்பவர்கள் கடையில் சல்பேட், சல்பைட் என்ற இரண்டையும் மாற்றி வாங்கிவிடாமல் சீட்டைப் படித்துப் பார்க்கவும். வேலை முற்றிலும் வேறு.

நான் சொல்ல வந்தது டெவலப்பரின் உட்பொருளைப் பற்றி. டி-76இல் ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம் இருக்கின்றன. இவற்றில் ஹைட்ரோகுயினோன் வெப்பத்துக்கு மிகவும் வளைந்து கொடுப்பது. குளிரில் ஏறத்தாழ உறங்கிவிடும், சூட்டில் துள்ளும். மெட்டால் அவ்வளவு மாறுவதில்லை. மெட்டால் 7.5 கிராமும் சல்பைட் 100 கிராமும் மட்டும் கொண்ட டி-23, வெப்பம் ஓரிரு டிகிரி தப்பினாலும் அதிகம் கோபித்துக்கொள்ளாது. மேகத்தின் வெண்மையையும் அது மென்மையாகவே ஏற்றும். இரண்டே பொருள் என்பதால் சமையலறைத் தராசில் அல்லாமல், நகை நிறுக்கும் சிறு மின்தராசில் நிறுத்து வீட்டிலேயே கலக்கலாம். 50 டிகிரி அளவுள்ள முக்கால் லிட்டர் நீரில் ஒரு சிட்டிகை சல்பைட் போட்டு, பிறகு மெட்டால் முழுவதையும் கரைத்து, அது கரைந்த பின்பே மீதிச் சல்பைட்டைச் சேர்க்க வேண்டும். சல்பைட் முழுவதும் முதலில் போனால் மெட்டால் கரையாமல் மிதந்துகொண்டே இருக்கும். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும், கையுறை அணியவும்.

வெப்பத்தை அடியோடு மறக்க விரும்புபவர்களுக்கு இரட்டைக் குளியல் முறை இருக்கிறது. முதல் குளியலில் மெட்டாலும் சல்பைட்டும், இரண்டாவதில் லிட்டருக்குப் பத்து கிராம் போராக்ஸும் இருக்கும். முதல் குளியலில் ஊறிய மெட்டால் இரண்டாவதில் வேலை செய்து தீர்கிறது; தீர்ந்த பின் நேரம் நீண்டாலும் கேடில்லை.

பழைய இருட்டறை (மதுரை)

டி-23 நல்ல யோசனை, ஏற்கிறேன். இரட்டைக் குளியலை நிலக்காட்சிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது குளியலில் எமல்ஷன் ஏந்திவந்த மெட்டால்தான் வேலை செய்கிறது. அதிகம் அசைத்தால் அது கழுவப்பட்டுப் போகிறது, அசைக்காவிட்டால் வழிந்து கோடு போடுகிறது. வெறும் வானம் உள்ள ஷீட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே சமாளிப்பது எளிதல்ல. தவிர, இந்த முறை தடித்த பழைய எமல்ஷன்களுக்காகப் பிறந்தது. இன்றைய மெல்லிய எமல்ஷன் குறைவாகவே உறிஞ்சுகிறது. மூடுபனிக் காட்சியில் நெகட்டிவ் சோர்ந்துபோய்விடும்.

சல்பைட் (திருச்சிராப்பள்ளி)

மூடுபனிக்குப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உச்சி வெயிலில் பாறையும் நிழலும் உள்ள காட்சிக்கு என் வாக்கு மாறவில்லை.

அகலக்கோணம் (பெங்களூரு)

இந்தக் கருத்து வேறுபாடு தொட்டுச் செல்லும் இடம்தான் ஷீட் பிலிமின் பெரும் வசதி. 36 படச் சுருளை ஒரே நேரத்துக்குத்தான் கழுவ முடியும். ஷீட்டை ஒவ்வொன்றாக, அதன் காட்சிக்கு ஏற்ப நடத்தலாம். ஒளிப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சலீஸில் வகுத்த ஜோன் முறையின் (காட்சியின் ஒளியளவை முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை சுழி முதல் பத்து வரையான படிகளாகப் பிரிப்பது) அடிப்படை இதுவே. நிழலின் விவரம் எக்ஸ்போஷரால் முடிவாகிறது. அது கேமராவிலேயே முடிந்த காரியம். வெளிச்சப் பகுதி எவ்வளவு கறுக்கும் என்பதைக் கழுவும் நேரம் முடிவு செய்கிறது.

நீலகிரியின் காட்சிகள் இதற்குப் பொருத்தமானவை. சோலையின் உட்பகுதியை அளந்து மூன்றாம் ஜோனில் வைத்தால், மேலே வெயில் பட்ட மேகம் ஒன்பதையோ பத்தையோ தொடும். அந்த ஷீட்டின் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் மேகம் ஏறத்தாழ ஒரு ஜோன் இறங்கும். அதே இடத்தை அரை மணி கழித்து மூடுபனி மூடிவிட்டால், காட்சி முழுவதும் மூன்றே ஜோனுக்குள் அடங்கிவிடும். அதற்கு நேரத்தைக் கால் பங்கு கூட்ட வேண்டும். பிலிம் செருகும் ஹோல்டரின் மூடித்தகட்டில் வெண்பக்கம் எடுக்காததையும் கறுப்புப் பக்கம் எடுத்ததையும் காட்டுவதுபோல், ஒவ்வொரு ஹோல்டரிலும் சிறு ஒட்டுத்தாளில் ‘குறை’, ‘இயல்பு’, ‘கூட்டு’ என்று எழுதிவிடுகிறேன். இருட்டில் அடுக்கைப் பிரிக்கும்போது வேறு யோசனை வேண்டியதில்லை.

விடியலில் எடுப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. நீண்ட எக்ஸ்போஷரில் பிலிமின் உணர்திறன் தளரும். அளந்த விநாடிகளை 1.26 என்ற அடுக்குக்கு உயர்த்தவும் என்பது எஃப்பி4க்கு இல்ஃபோர்டு தரும் கணக்கு. மீட்டர் 10 விநாடி காட்டினால் 18 விநாடி, 30 காட்டினால் ஏறத்தாழ 73 விநாடி. ஃபோமாபான் 100 என்ற பிலிமில் இந்தத் தளர்ச்சி மிக அதிகம். அதன் தயாரிப்பாளரின் அட்டவணையில் 10 விநாடிக்கு 80 என்றிருக்கிறது. தளர்ச்சி நிழலையே முதலில் பாதிப்பதால் கான்ட்ராஸ்ட் கூடும். அதற்காகவும் கழுவும் நேரத்தைச் சற்றுக் குறைக்கலாம்.

சிவப்பு ஃபில்டர் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. மூன்று ஸ்டாப் (ஒவ்வொன்றும் ஒளியை இரட்டிப்பது) கூட்டிவிட்டால் சரி என்று நினைப்போம். ஆனால் திறந்தவெளி நிழலுக்கு ஒளி தருவது நீல வானம். சிவப்பு ஃபில்டர் அந்த நீலத்தையே தடுக்கிறது. நிழல், கணக்கிட்டதைவிட ஆழமாக இறங்கிவிடும். மலைக்காட்சிக்கு மஞ்சளோ ஆரஞ்சோ போதும் என்பேன்.

கிணற்றடி (யாழ்ப்பாணம்)

இடையில் ஒரு கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களுடைய குடாநாடு சுண்ணாம்புக்கல் தரை; கிணற்று நீர் அவ்வளவும் வன்னீர். காய்ந்த நெகட்டிவின் வானப்பகுதியில் வெள்ளை வெள்ளையாகத் துளிக்கறை நிற்கிறது. வெற்றிங் ஏஜென்ற் கலந்தும் பயன் இல்லை. இதற்கு என்ன செய்யலாம்?

சல்பைட் (திருச்சிராப்பள்ளி)

அது கால்சியம். வெற்றிங் ஏஜென்ட் நீரைப் பரப்பும், உப்பை நீக்காது. ஃபிக்ஸருக்குப் பின் அலசுவதைக் கிணற்று நீரிலேயே செய்யலாம். கடைசி அலசலுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் வேண்டும், பாட்டரிக்கு ஊற்றுவதற்கென்று விற்பது போதும். வெற்றிங் ஏஜென்டை அந்த நீரில் குறைவாக, புட்டியில் சொன்ன அளவில் பாதி கலந்து, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, ஒரு மூலை கீழே வருமாறு தொங்கவிடுங்கள். ஏற்கெனவே கறை படிந்தவற்றை மீண்டும் நனைத்து, மிகவும் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் ஓரிரு நிமிடம் விட்டு, வடித்த நீரில் அலசினால் பெரும்பாலும் போய்விடும். டெவலப்பரையும் வடித்த நீரிலேயே கலந்தால் அடியில் வெள்ளைப் பொடி படியாது.

மழைக்கால இரவில் விளக்கருகே தொங்கவிட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கிறேன். ஈசல் ஒன்று ஈர எமல்ஷனில் ஒட்டிக்கொண்டால் அதன் இறக்கை நரம்பு வரை பதிந்துவிடும்.

மரப்பெட்டி (நாகர்கோவில்)

விலையைப் பற்றி யாரும் பேசவில்லை. 4×5 ஷீட் ஒவ்வொன்றும் இறக்குமதி. பழகுகிறவர் பத்து ஷீட் கெடுத்தால் மனம் ஒடிந்துவிடும். என்னிடம் இருப்பது ஆலப்புழையில் தயாரான வாகீஸ்வரி மரக்கேமரா, அரைத்தட்டு அளவு. அதற்கு எக்ஸ்ரே பிலிமை வெட்டிப் பயன்படுத்துகிறேன். 8×10 அங்குல ஷீட் ஒன்றிலிருந்து 4¾×6½ அளவில் இரண்டு துண்டு கிடைக்கிறது. பச்சை ஒளிக்கு உணர்வுள்ள வகையை வாங்க வேண்டும். சிவப்பை அது காண்பதில்லை என்பதால் சிவப்பு விளக்கில், கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம். ட்ரே வேலை பழக இதைவிட நல்ல வழி இல்லை.

இருபக்கமும் எமல்ஷன் உள்ளதால் ட்ரேயின் அடியில் உரசினாலே கீறும். அடியில் ஒரு வழவழப்பான கண்ணாடித் தகடு இட்டு, ஒரு நேரத்தில் ஒரே துண்டு மட்டும் கழுவுங்கள். நான் ஐஎஸ்ஓ 80 என்று வைத்து, ரோடினால் என்ற டெவலப்பரை நூறு பங்கு நீரில் கலந்து பயன்படுத்துகிறேன். வழக்கமான வீரியத்தில் கழுவினால் கரியும் சுண்ணாம்புமாகத்தான் வரும். நீல வானம் வெளுத்துவிடும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1850களில் பர்மாவிலும் தென்னிந்தியாவிலும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்புக்கும் இதே தொல்லை இருந்தது; நீலத்தை மட்டும் உணர்ந்த அக்கால நெகட்டிவில் வானம் வெறுமையாக வந்ததால், அவர் அதன்மேல் தூரிகையால் மேகம் வரைந்து சேர்த்தார்.

அகலக்கோணம் (பெங்களூரு)

பழகுவதற்கு எக்ஸ்ரே பிலிம் சரியானதே. ஆனால் அதில் கண்ட நேரத்தை எஃப்பி4க்குக் கொண்டுவர முடியாது. கை பழகும், கணக்கு பழகாது.

முகில்வழி (கோயம்புத்தூர்)

அனைவர் சொன்னதையும் கேட்டு, மொட்டை மாடிச் சுவரை மேகமூட்டமான காலையில், லென்ஸை முடிவிலியில் நிறுத்தி மங்கலாக எடுத்து, ஐந்தாம் ஜோனில் வைத்தேன். அந்த ஷீட்டுகளில் இரண்டைத் தொட்டியிலும் இரண்டைத் ட்ரேயிலும் 26 டிகிரியில் கழுவினேன். டி-76 ஒன்றுக்கு மூன்று. தொட்டிக்குப் பன்னிரண்டு நிமிடம், ட்ரேக்குப் பத்தேகால். மெல்லக் கவிழ்த்த தொட்டியில் ஓர வெளுப்பு பெரிதும் குறைந்திருக்கிறது. ஸ்கேனரில் கான்ட்ராஸ்டை மிகவும் ஏற்றினால் மட்டும் தெரிகிறது. ட்ரேயில் எவ்வளவு ஏற்றினாலும் தெரியவில்லை. ஒரு ஷீட்டின் மூலையில் ஒரு கீறல் உண்டு. வானம் பெரிதாக உள்ளவற்றை ட்ரேயிலும் மற்றவற்றைத் தொட்டியிலும் கழுவுவதாக முடிவு செய்திருக்கிறேன்.

வெளிச்சப் பகுதியின் அடர்த்தியை அளக்க டென்சிட்டோமீட்டர் இல்லை. ஃபிக்ஸருக்கு வெறும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போதுமா என்பதும் தெரிய வேண்டும்.

பழைய இருட்டறை (மதுரை)

சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர் இருந்தால் டென்சிட்டோமீட்டர் வேண்டியதில்லை. சீரான ஒளிமேசையில் எதுவும் பதியாத பிலிம் துண்டையும், எட்டாம் ஜோனில் வைத்து எடுத்த ஷீட்டையும் அடுத்தடுத்து அளக்கவும். ஒரு ஸ்டாப் வேறுபாடு 0.30 அடர்த்தி. இரண்டுக்கும் நான்கு ஸ்டாப் வந்தால் 1.20, அதுவே போதுமான இலக்கு. ஸ்கேன் மட்டும் செய்பவர் சற்றுக் குறைவாக வைத்துக்கொள்ளலாம்.

எஃப்பி4க்கு வெறும் ஹைப்போ போதும். லிட்டருக்கு 250 கிராம் படிகமும் சிறிதளவு சல்பைட்டும் இடுங்கள். டெல்டா, டி-மேக்ஸ் வகைப் பிலிம்களுக்கு அது மெதுவாக வேலை செய்யும். அவற்றுக்கு அம்மோனியம் தயோசல்பேட் உள்ள ரேபிட் ஃபிக்ஸரே நல்லது. ஹைப்போ கரையும்போது நீர் சட்டென்று குளிர்ந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். வெந்நீரில் கரைத்து, 26க்கு வந்த பிறகே பயன்படுத்துங்கள்.

ஃபிக்ஸரில் வைக்கும் நேரத்தைக் கடிகாரத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். கழுவாத பிலிம் துண்டின் மேல் ஒரு சொட்டு ஃபிக்ஸரை விட்டு, அரை நிமிடம் கழித்துத் துண்டு முழுவதையும் ஃபிக்ஸரில் இடுங்கள். சொட்டு விழுந்த வட்டம் முதலில் தெளிவாகத் தெரியும். சுற்றியுள்ள பகுதியும் தெளிந்து வட்டம் மறையும் வரை எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணி, அதைப் போல இரு மடங்கு நேரம் ஷீட்டுகளை வைத்திருக்கவும். புதிதாகக் கலந்தபோது ஆன நேரம் இரட்டித்துவிட்டால் அந்த ஃபிக்ஸரின் வேலை முடிந்தது. அதைச் செடிக்கோ சாக்கடைக்கோ ஊற்ற வேண்டாம். வெள்ளி கரைந்த நீர் அது. பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வைத்து, எக்ஸ்ரே நிலையங்களில் பழைய ஹைப்போ வாங்க வருபவரிடம் கொடுத்துவிடுங்கள்.